கோடைத் தொடக்கத்துப் பூக்களும் அவற்றைத் தேடி வரும் பூச்சிகளும்: வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

முதல் வருடக் கோடையில் என் பூசணிக் கொடியில் 14 பிஞ்சு வந்தது. ஒன்றுகூடக் காயாகவில்லை. கட்டைவிரல் அளவு இருக்கும்போதே மஞ்சள் பூத்து, வெம்பி, தொட்டால் கழன்று விழுந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வைத்தேன். நிற்கவில்லை. நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன். இன்னும் வேகமாக உதிர்ந்தது. தோட்டத்தில் பூவுக்குப் பஞ்சமே இல்லை. ரோஜாவும் பந்து பந்தாகச் சாமந்தியும் நிறைந்திருந்தன. ஒரு நாள் காலை ஆறே கால் மணிக்குக் கொடி அருகில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒன்பது மணி வரை, காயாக வேண்டிய பெண் பூவில் ஒரு தேனீகூட வந்து உட்காரவில்லை. ஆண் பூவின் மகரந்தத்தை யாரும் கொண்டுவந்து சேர்க்காததால்தான் பிஞ்சு வெம்பியது.

பூ இருந்தால் மட்டும் போதாது. பூவில் சரக்கு, அதாவது தேனும் மகரந்தமும், இருக்க வேண்டும், சரியான நாளில் இருக்க வேண்டும், சரியான மணிக்கு இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கோடை ஆனது. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த இரண்டு கோடை வீணாகக் கூடாது என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன்.

1. நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

உங்கள் ஊரில் வெயில் ஏறத் தொடங்கும் வாரம் எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாரத்தை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த வாரத்தில் தோட்டம் பூத்திருக்க வேண்டும் என்றால், விதையை அதற்கு இரண்டு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். வெயில் வந்த பிறகு விதை வாங்கப் போவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

விதைத்ததிலிருந்து பூக்க ஆகும் நாள் தோராயமாக இப்படி: கடுகு 35 முதல் 45 நாள். காஸ்மோஸ் 50 முதல் 65. ஜீனியா சுமார் 60. சூரியகாந்தி ரகத்தைப் பொறுத்து 55 முதல் 90. கொத்தமல்லியை இலைக்கு வெட்டாமல் விட்டால், வெயில் ஏற ஏறத் தானாகவே 45 முதல் 60 நாளில் தண்டு விட்டுப் பூத்துவிடும். பூசணியும் வெள்ளரியும் 40 முதல் 50 நாளில் முதல் பூவைக் காட்டும்.

பூசணியும் பூச்செடியும் ஒரே நாளில் பூக்கும்படி விதைக்காதீர்கள். பூச்செடி இரண்டு வாரம் முந்திக்கொள்ள வேண்டும். தேனீக்கு இடமும் நினைவிருக்கும், நேரமும் நினைவிருக்கும். நேற்று எத்தனை மணிக்கு எங்கே தேன் கிடைத்ததோ, இன்றும் அந்த மணிக்கு அங்கே வரும். உங்கள் தோட்டம் அதன் வழக்கத்தில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், பூசணி பூக்கும் அன்று நீங்கள் யாரையும் தேட வேண்டியிருக்காது.

விதையை மொத்தமாக ஒரே நாளில் போட்டுவிடவும் கூடாது. பாக்கெட்டை மூன்றாகப் பிரித்து, இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை விதையுங்கள். ஒரே தடவை விதைத்தால் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாக ஓய்ந்துவிடும்.

2. விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இந்த வேலையில் நமக்கு இருக்கும் ஆவணம் இரண்டுதான்: விதைப் பாக்கெட்டும், நர்சரிச் செடியில் தொங்கும் சீட்டும். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கம் இவற்றைத் தேடுங்கள்.

பாக்கெட் போட்ட தேதி, முளைப்புத் திறன் சதவீதம். பழைய விதை என்றால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு விதையுங்கள்.

"அடுக்கு" ரகமா (இதழ்கள் பல அடுக்காக நெருங்கியவை), "ஒற்றை" ரகமா (ஒரே சுற்று இதழ்). இதைப் பற்றி அடுத்த படியில் விரிவாகச் சொல்கிறேன்.

"மகரந்தம் இல்லாதது" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா. சூரியகாந்தியில் இப்படி ரகங்கள் உண்டு. மேசைத் துணி அழுக்காகக் கூடாது என்று பூச்சாடிக்காக உருவாக்கியவை. அவற்றில் தேன் இருக்கும், குஞ்சுக்கு ஊட்ட மகரந்தம் இருக்காது.

வெள்ளரி என்றால், பெண் பூ மட்டுமே பூக்கும் ரகமா என்று பாருங்கள். அதிலும் இரண்டு வகை. மகரந்தம் இல்லாமலே காய்க்கும் வகை ஒன்று. பக்கத்தில் ஆண் பூ உள்ள வேறு வெள்ளரிச் செடி இருந்தே ஆக வேண்டும் என்பது இன்னொன்று. இதைப் படிக்காமல் ஒரே ஒரு கொடி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விதையின்மேல் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பூச்சு இருந்தால், அது மருந்து கலந்த விதை. என்ன மருந்து என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், குளோத்தியானிடின் என்ற பெயர்கள் இருந்தால் பூந்தோட்டத்துக்கு எடுக்காதீர்கள். இவை செடியின் சாற்றோடு கலந்து தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களுக்கு 2018இல் தடை செய்ததே தேனீக்களை முன்னிட்டுத்தான். நர்சரியில் பூத்த செடி வாங்கும்போதும் "இதற்கு என்ன மருந்து அடித்தீர்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் விதையிலிருந்தே வளர்ப்பது நல்லது.

பாக்கெட்டுகளைத் தூக்கிப்போடாமல் ஒரு நோட்டில் ஒட்டி, விதைத்த தேதியையும் முதல் பூ வந்த தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் நான் மேலே சொன்ன தோராய நாட்கள் உங்களுக்குத் தேவைப்படாது. உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்குமான கணக்கு கையிலேயே இருக்கும்.

மாடியில் தோட்டம் வைப்பவர்களுக்கு இன்னொரு ஆவணமும் உண்டு. வாடகை வீடோ அடுக்குமாடியோ, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மண் நிரப்பிய 20 லிட்டர் தொட்டி, தண்ணீர் ஊற்றிய பிறகு 30 கிலோவை நெருங்கும். பத்துத் தொட்டி என்றால் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு வையுங்கள்.

3. ஒற்றை அடுக்குப் பூ, அதுவும் கூட்டமாக

பூ அழகாக இருக்கிறதா என்பது நம் கேள்வி. உள்ளே போக வழி இருக்கிறதா என்பது தேனீயின் கேள்வி. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கின்றன. பந்து போன்ற சாமந்தியில் இதழ் நெருக்கத்தில் நடுப்பகுதியே இல்லாமல் போகிறது. பார்க்க நிறைவாக இருக்கும், பூச்சிக்கு அது சாத்திய கதவு. என் முதல் வருடத் தோட்டம் முழுக்க இப்படிப்பட்ட பூக்கள்தான்.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. காலை வெயில் பட்டபின் பூவின் நடுவில் விரல் நுனியை மெதுவாக வைத்து எடுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் அது விருந்துள்ள பூ.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் பட்டியல் சின்னது: ஒற்றை ஜீனியா, காஸ்மோஸ், மகரந்தமுள்ள சூரியகாந்தி, துளசி இனம் ஏதாவது ஒன்று, கொத்தமல்லி. கொத்தமல்லியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். அதன் குடை போன்ற வெள்ளைப் பூக்களில் தேன் மேலாகவே இருக்கும். நாக்கு நீளம் குறைந்த சின்னப் பூச்சிகளுக்கு அதுதான் எட்டும். முக்கியமாக, அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும், தேனீ போலவே கோடு போட்ட ஈ ஒன்று வரும். அதன் புழு, தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று வளர்வது; ஒரு புழு நூற்றுக்கணக்கில் தின்றுவிடும்.

நடும்போது ஒன்றிலொன்றாகக் கலந்து நடாதீர்கள். தேனீ ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்கே போகும். ஜீனியா எடுக்கக் கிளம்பிய தேனீக்கு ஒரே இடத்தில் இருபது ஜீனியா கிடைக்க வேண்டும். தரையில் என்றால் ஒரு வகைக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். தொட்டி என்றால் ஒரே வகை மூன்று நான்கு தொட்டிகளைச் சேர்த்து வையுங்கள். தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தனி நிறமாகத் தெரியாது. நீலம், ஊதா, மஞ்சள் நன்றாகத் தெரியும். சிவப்புப் பூவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, அவற்றுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும். தோட்டமே சிவப்பாக இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

4. செலவு: எங்கே செய்யலாம், எங்கே வேண்டாம்

விதைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தொட்டியும் மண் கலவையும்தான் பையைக் காலி செய்யும். தரை இருந்தால் தொட்டியே வேண்டாம். இல்லையென்றால் சின்னத் தொட்டி பத்து வாங்குவதற்குப் பதில் பெரியது நாலு வாங்குங்கள். கோடையில் சின்னத் தொட்டி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். தண்ணீர்ப் பற்றாக்குறை வந்த செடி பூந்தேனையும் குறைத்துவிடும்.

கடையில் விற்கும் "பூச்சி வீடு" வாங்க வேண்டாம். பலவற்றில் துளைகள் இரண்டு பக்கமும் திறந்திருக்கின்றன, பிளவுபட்டிருக்கின்றன, சுத்தம் செய்ய வழியில்லாமல் உண்ணிகள் சேர்கின்றன. தேன்கூட்டுப் பெட்டியும் இப்போது வேண்டாம். அது தனிப் படிப்பு, தனிப் பொறுப்பு, சில இடங்களில் பதிவு செய்யவும் வேண்டியிருக்கும். பெட்டி இல்லாமலே பூச்சிகள் வரும்.

காசு மிச்சம் இருந்தால் மூடாக்குக்கும் (மண் காயாமல் மேலே பரப்பும் வைக்கோல், சருகு போன்றவை) ஒரு நல்ல பூவாளிக்கும் செலவழியுங்கள்.

5. தண்ணீர்

செடிக்கு ஊற்றும் தண்ணீர் வேரில் விழ வேண்டும், பூவில் விழக் கூடாது. மகரந்தத் துகள் தண்ணீர் பட்டால் வெடித்துப் பயனில்லாமல் போய்விடும். காலை ஏழு மணிக்குக் குழாயைப் பிடித்துத் தோட்டத்தையே குளிப்பாட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பூச்சிகளுக்கும் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் தேனீக்கள் கூட்டைக் குளிர வைக்கவே தண்ணீர் சுமக்கும். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும் அளவுக்கு ஊற்றி வையுங்கள். ஆழமான பாத்திரம் வைத்தால் விழுந்து செத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு மாற்றுங்கள். கொசுப்புழு வளர ஒரு வாரம் போதும்.

6. குடியிருக்க ஒரு மூலை

உலகில் சுமார் 20,000 வகைத் தேனீக்கள் உள்ளன. அவற்றில் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்பவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை தனித்தனியே, மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுபவை. அதனால் தோட்டம் முழுக்க மூடாக்கோ கல்லோ சிமெண்டோ போட்டு மூடிவிடாதீர்கள். வெயில் படும், தண்ணீர் தேங்காத ஒரு மூலையில் ஓரடிக்கு மூன்றடி மண்ணை அப்படியே விடுங்கள். கொத்தவும் வேண்டாம். பென்சில் நுழையும் அளவு துளை தெரிந்தால் யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ரோஜா இலையில் கத்தரித்தது போல வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் பதறாதீர்கள். இதற்கும் நான் ஒருமுறை பதறி மருந்து அடித்திருக்கிறேன். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலை ஓரத்தில் வந்து உட்காரும், தன் உடம்பையே கவராயம் போலத் திருப்பிச் சில நொடிகளில் ஒரு வட்டத்தை அறுத்து, அறுத்த துண்டு கீழே விழும் கணத்தில் அதைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டே பறந்துவிடும். குஞ்சுக்கு அறை கட்ட அந்த இலை வேண்டும். செடிக்கு ஒன்றும் ஆகாது. இன்று என் ரோஜாவில் வட்டம் விழுந்த இலையைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி.

தனியாக வாழும் தேனீக்களுக்குக் காக்க வேண்டிய பெரிய கூட்டம் இல்லாததால் அவை துரத்திக் கொட்டாது. கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். ஆனால் மரத்திலோ சுவரிலோ பெரிய தேன்கூடு இருந்தால் அது வேறு, நெருங்காதீர்கள். வீட்டில் யாருக்காவது தேனீக் கடி ஒவ்வாமை உண்டென்றால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

7. பூக்கும் நாட்களில் மருந்து வேண்டாம்

அசுவினி வந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள், பூவைத் தவிர்த்து. அப்புறம் ஒரு பத்து நாள் பொறுங்கள். கொத்தமல்லிப் பூவுக்கு வந்த ஈக்கள் அசுவினிக் கூட்டத்தின் நடுவே முட்டை வைத்திருக்கும். அவசரப்பட்டு அடித்தால் அசுவினியோடு அதைத் தின்ன வந்த புழுவும் போய்விடும். அசுவினி வேகமாகப் பெருகித் திரும்பும், அந்த ஈ அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

வேப்பெண்ணெயும் இயற்கை மருந்துதானே என்று பகலில் அடிக்காதீர்கள். அடித்தே தீர வேண்டும் என்றால், பூக்கள் மூடியபின், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய மாலையில், இலையின் அடிப்புறத்தில் மட்டும் அடியுங்கள்.

8. பூசணி: காலை ஆறிலிருந்து ஒன்பது வரை

முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வரும். இது இயல்பு. வெயில் அதிகமானாலும், தழைச்சத்து உரம் அதிகமானாலும் ஆண் பூ கூடும். நான் உரம் வைத்து வைத்து இலையைத்தான் வளர்த்தேன்.

பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம்: பூவுக்குக் கீழே குட்டிப் பூசணி போல ஓர் உருண்டை இருக்கும். ஆண் பூ நீளமான காம்பின்மேல் நிற்கும். பெண் பூ ஒரே ஒரு காலைதான் திறந்திருக்கும். விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தம் வந்து சேர வேண்டும்.

பெண் மொட்டு பருத்து நுனி மஞ்சளாகிவிட்டால் மறுநாள் திறக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். அன்று காலை பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். தேனீ ஆண் பூவுக்குள் தலைகீழாக இறங்கி, முதுகெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்து, பெண் பூவில் இறங்குவதைப் பார்த்துவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை. மூன்று காலை பார்த்தும் யாரும் வரவில்லை என்றால் நீங்களே கையால் செய்துவிடுங்கள்:

அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு மிஞ்சும். பெண் பூவின் நடுவில் மேடு மேடாக இருக்கும் சூல்முடியின் எல்லாப் பகுதியிலும் அதை மெதுவாகத் தேயுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் காய் கோணலாக வளரும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். ஒரே கொடியின் ஆண் பூவும் சரிதான். வெள்ளரிக்குப் பூசணி மகரந்தம் உதவாது. அதனதன் இனமே வேண்டும்.

9. சுரை, பீர்க்கு, புடலை: இவை மாலைப் பூக்கள்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சுரைக்காய்ப் பூவையும் புடலம்பூவையும் காலையில் போய்ப் பார்த்து, வாடிக் கிடக்கிறதே என்று கவலைப்பட்டேன். அவை பொழுது சாயும்போது விரிபவை. அந்துப்பூச்சிகளை நம்பி வெள்ளையாகப் பூக்கும். வரிப் பீர்க்கின் மஞ்சள் பூவும் மாலையில்தான் திறக்கும். கையால் மகரந்தம் வைப்பதென்றால் இவற்றுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். இரவு முழுக்க எரியும் விளக்கு கொடிக்குப் பக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அந்துப்பூச்சி பூவை விட்டுவிட்டு விளக்கைச் சுற்றும்.

10. தக்காளி, கத்தரி

இவற்றின் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். உலுக்கினால்தான் நுனித் துளை வழியாகக் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பெரிய கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிர வைத்து உதிர்த்துக்கொள்ளும். காது கொடுத்தால் "ர்ர்ர்" என்று சத்தம் மாறுவது கேட்கும். அவை வராத தோட்டத்தில், காலை பத்து மணிக்கு மேல் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டால் போதும்.

பகல் 32 டிகிரிக்கு மேல் நீடித்து, இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளி மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். அது பூச்சியின் குறையல்ல. நிழல்வலை கட்டிக் காத்திருங்கள்.

11. பிஞ்சு உதிர்ந்தால் அறுத்துப் பாருங்கள்

உதிர்ந்த பிஞ்சை நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈ. மகரந்தம் சேர்ந்த இரண்டாம் நாளே பிஞ்சுக்குக் காகித உறை மாட்டிவிடுங்கள். உதிர்ந்ததைக் கொடியடியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். புழு இல்லாமல், விதைகள் பருக்காமல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. உரத்தைத் தொடாதீர்கள், எட்டாவது படிக்குத் திரும்புங்கள்.

12. பூத்து முடிந்தபின்

வாடிய பூவை வாரம் ஒருமுறை கிள்ளிவிட்டால் ஜீனியாவும் காஸ்மோஸும் தொடர்ந்து பூக்கும். கடைசிச் சுற்றுப் பூவை மட்டும் கிள்ளாமல் காயவிட்டு, விதை எடுத்து, உறையில் தேதி எழுதி வையுங்கள். கலப்பின ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது; அதற்குப் புது விதைதான்.

காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டாதீர்கள். முழங்கால் உயரம் விட்டுவிடுங்கள். உள்ளே பொந்தாக இருக்கும் தண்டில் சின்னத் தேனீக்கள் முட்டையிட்டு மண்ணாலோ இலையாலோ வாயை அடைத்திருக்கும். அடைத்த வாயைப் பார்த்தால், அடுத்த பூக்காலம் வரை அந்தத் தண்டை அசைக்க வேண்டாம்.